காலி மண்டபத்துக்கு வைத்த அளவு

சீடருக்கு நாற்பத்தேழு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சீடர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் பெயர் ஞானதுரை. பத்தொன்பது வருடம் நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தார். ஆலையை மூடியதும், பாளையங்கோட்டையில் பிரிசில்லா நடத்தி வந்த சவுண்ட் சர்வீஸில் ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே, வயரை முறுக்கு விழாமல் சுருட்டக் கற்றுக்கொள்ளும்வரை பதினோரு தடவை அவிழ்த்துச் சுருட்ட வைத்தார் பிரிசில்லா. அன்றிலிருந்து ஞானதுரைக்கு அவர் டீச்சர். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

இரண்டு வருடம் பெட்டி தூக்கியாயிற்று. "மிக்சர்ல நான் எப்ப உக்கார, டீச்சர்?" என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பலகையைக் காட்டி, மாதம் ஒரு தடவையாவது கேட்பார். "வண்டியில பெட்டிய ஏத்துங்க அண்ணாச்சி" என்பதுதான் பதில்.

ஒரு சனிக்கிழமை, கல்யாண மண்டப வாசலில் வண்டியை நிறுத்தியபோது டீச்சரே பேச்சை எடுத்தார்.

"இன்னிக்கு நீங்க உக்காருங்க. ஒழுங்கா முடிச்சிட்டீங்கன்னா அடுத்த மாசத்துலேருந்து ரெண்டாவது ஸ்பீக்கர் செட்டு உங்க பொறுப்பு. தனியாப் போய் நடத்துங்க."

"முடியலன்னா?"

"பழையபடி பெட்டிதான்."

ஞானதுரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நாற்பத்தேழு வயதில் இன்னொரு தொழில் கற்க அவருக்கு நேரமில்லை. இதை விடுவதாக இல்லை.

கோயிலில் தாலி கட்டி முடித்து எல்லாரும் மண்டபத்துக்கு வரப் பன்னிரண்டு மணி ஆகும். மாடியில் பாட்டுக் கச்சேரி, கீழே பந்தி. பாட வந்தது ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. பாடகி ஷெரின் கல்லூரிப் பெண். குரல் நல்ல குரல், ஆனால் மெல்லிய குரல்.

ஒன்பது மணிக்கே ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கவைத்து, பாடவைத்து, ஞானதுரை சத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து கேட்டார். ஆலை இரைச்சலில் அவருடைய வலது காது மந்தமாகியிருந்தது. அதனால் முன்யோசனையாகத் தையல்காரர் சாக்கட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். மிக்சரில் மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர்களில் எது எதுவரை ஏறினால் சரியாக இருக்கிறதோ, அங்கே ஒரு கோடு. மூன்று மணி நேரம் படாதபாடு பட்டு இருபத்திரண்டு கோடு போட்டார். காது கைவிட்டாலும் கோடு கைவிடாது என்று அவருக்குத் தெம்பு வந்தது.

கல்யாணக் கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. டீச்சர் மிக்சர் பக்கம் வந்து கோடுகளைப் பார்த்தார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தார். ஒரே இழுப்பில் எல்லாக் கோடுகளையும் துடைத்துவிட்டார். போதாததற்கு ஃபேடர்களையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டார்.

ஞானதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அது யாருக்கு வச்ச அளவு?"

"மண்டபத்துக்கு."

"ஆள் இல்லாத மண்டபத்துக்கு. இப்பத் திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். அறுநூறு பேர். பட்டும் பேச்சும் குழந்தைகளின் ஓட்டமுமாக இருந்தார்கள். காலையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிய சத்தம் எல்லாம் இனி அவர்கள் மேல் விழுந்து அடங்கிவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

"எனக்குக் காது சரியில்லன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பிறகு சத்தம் சரியா இருக்கான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல் பந்தி போட்டுட்டாங்க. நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

முதல் பாட்டு தொடங்கியது. ஷெரினின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஞானதுரை அவளுடைய ஃபேடரை ஏற்றினார். கிடார்காரர் விரலை மேலே காட்டினார். அவருக்கும் ஏற்றினார். கீபோர்டுக்காரர் கேட்டார், கொடுத்தார். டிரம்ஸ்காரர் குச்சியாலேயே ஜாடை காட்டினார், அவருக்கும் கொடுத்தார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தபின் ஷெரினின் குரல் மறுபடி காணாமல் போயிருந்தது. அதை உச்சிக்குத் தள்ளினார்.

ஸ்பீக்கர்கள் விசிலடித்தன. மண்டையைத் துளைக்கிற விசில். மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அறுநூறு தலையும் மேடையை விட்டுவிட்டு மிக்சர் பக்கம் திரும்பின. கோட்டு போட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"தெரியலன்னா தெரிஞ்ச ஆளை உக்கார வைக்க வேண்டியதுதானய்யா?"

ஞானதுரை எல்லாவற்றையும் இறக்கினார். விசில் நின்றது. படிக்கட்டைப் பார்த்தார். டீச்சரைக் காணவில்லை. அவமானமாக இருந்தது. இப்படியே வெளியே நடந்து பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஏறினால் நாளைக்கு யார் வீட்டுக் கல்யாணத்தில் போய் மிக்சர் முன்னால் உட்காருவது? நாற்காலியை மிக்சருக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு. இந்தத் தடவை அவர் ஃபேடர்களைப் பார்க்கவில்லை, மனிதர்களைப் பார்த்தார். ஷெரினின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாவம், கத்திக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

ஷெரினுக்கு ஏற்ற முடியாது, ஏற்றினால் விசில். ஞானதுரை கொஞ்சம் யோசித்தார். பிறகு கிடாரை இறக்கினார். கீபோர்டை இறக்கினார். டிரம்ஸை இன்னும் இறக்கினார். கிடார்காரர் முறைத்தார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டினார். ஞானதுரை தலையை ஆட்டினார், ஆனால் விரலை அசைக்கவில்லை. அவர்கள் முறைத்துவிட்டுப் போகட்டும்.

கடைசி வரிசைப் பெரியவர் கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். ஷெரின் கத்துவதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒன்பது பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் அந்தக் கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்திக்குப் பந்தி ஆட்கள் எழுந்து போனார்கள், புதிதாக வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு ஏற்ப அவரும் கூட்டினார், குறைத்தார். முதுகு வேர்வையில் ஊறியது. கோடு போட்டிருந்தோமே என்ற நினைப்புகூட வரவில்லை.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகே டீச்சர் மாடிக்கு வந்தார். தரையில் கிடந்த வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். ஞானதுரை இன்னொரு முனையை எடுத்தார். பாதி வயர் சுருட்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க மேல வரவே இல்லையே, டீச்சர்."

"வரல."

"ரெண்டாவது செட்டைத் தருவேன்னு சொன்னீங்க. நான் தேறிட்டேனா இல்லையான்னு இனி எதை வச்சுச் சொல்லப் போறீங்க?"

டீச்சர் வயரைச் சுருட்டி முடித்து, முனையைச் செருகினார்.

"விசில் கீழவரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. பாதிச் சோத்துல இலைய மூடிட்டு எந்திரிச்சிட்டேன்."

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"கை கழுவிட்டுப் படியேற வந்தேன். அந்தப் பிள்ளை பாடுறது கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. திரும்பிப் போயி, இன்னொரு இலை போடச் சொல்லி, ரசம் வரைக்கும் உக்காந்து சாப்பிட்டேன்."