கல்லாப் பக்கத்துத் தொட்டி

கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் தணிகாசலத்துக்குத் தன்னைவிடக் கடலை அறிந்தவர் யாருமில்லை என்று நினைப்பு. வீட்டில் முதன்முதலாக, கடல்மீனும் உயிர்ப்பவளமும் வளர்க்கும் பவளத்தொட்டி வைக்க ஆசைப்பட்டு வந்த தையல்காரி ஜெயசீலி, இரண்டடித் தொட்டி கேட்டாள். அவரோ நாலு பம்பு, கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் மெஷின் என்று மேஜையை நிரப்பினார்.

“இதுல ஒண்ணு குறைஞ்சாலும் மீன் ரெண்டு நாள் தாங்காதும்மா.”

கல்லாப் பக்கத்தில் அதே இரண்டடியில் ஒரு தொட்டி. பவளத்துக்கு நடுவே ஆரஞ்சு மீன்கள் விளையாடின.

“இது எத்தனை நாளாண்ணே இருக்கு?”

“நாளா? ஆறு வருஷம். எல்லாம் என் கைராசி.”

ஜெயசீலி குனிந்து, தொட்டிக்கு அடியிலிருந்த கதவைத் திறந்தாள். ஒரு ஃபில்டர், ஒரு சின்ன பம்பு. அவ்வளவுதான்.

“ரெண்டு நாள் தாங்காதுன்னு இந்த மீனுங்ககிட்ட நீங்க இன்னும் சொல்லலையாண்ணே?”