சடைக்கு மேல் நிற்காத கண்ணாடி

மடத்துப் பள்ளிக்கு வி.ஆர். கண்ணாடி வாங்குவது என்று முடிவாகியிருந்தது. தலையில் மாட்டிக்கொண்டால் கடலடியும் நிலவும் கண்ணெதிரே வந்து நிற்கும் கருவி அது. எதை வாங்குவது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பள்ளிச் செயலர் ஆவுடையப்பனிடம் இருந்தது.

அவர் மடத்துச் சீடர். வயது அறுபத்திரண்டு. குருவான சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் சாமி முன்னால் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அன்று காலை கம்பெனி ஆள் ஒருவரை ஒரு கண்ணாடியோடு சாமியிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

“மூணு கம்பெனி மிஷினைப் பாத்தோம் சாமி. இதுலதான் படம் தெளிவா இருக்கு. எடையும் குறைச்சல். வாரண்டி உண்டு. நீங்க கையெழுத்துப் போட்டா புதன்கிழமை எண்பது மிஷின் வந்து இறங்கிரும். வியாழக்கிழமை அதுக்குத் தொடக்க விழா. பந்தலுக்குச் சொல்லியாச்சு.”

“சரி.”

“நான் பாத்ததுல ஏதாவது விட்டுப்போச்சா சாமி?”

சாமி கண்ணாடியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். மழித்த தலையில் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. உள்ளே மீன் ஏதோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும். சாமி கையை நீட்டித் தொடப் பார்த்தார்.

“நல்லாருக்கு. யாரெல்லாம் போட்டுப் பாத்தீங்க?”

“கமிட்டி அஞ்சு பேரும் போட்டுப் பாத்தோம் சாமி. எல்லாருக்கும் கச்சிதம்.”

ஐந்து பேரில் மூன்று பேருக்கு வழுக்கை. மற்ற இருவருக்கும் ஒட்ட வெட்டிய கிராப்பு.

“பிள்ளைங்க?”

“உடைச்சிருவாங்கன்னு தொட விடல சாமி.”

“எட்டாம் வகுப்புல இருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்க.”

வந்தவள் பெயர் முப்பிடாதி. எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, இரண்டு சடையையும் காதுக்குப் பின்னால் மடித்து ஏற்றி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். ரெட்டைச் சடை அந்தப் பள்ளியின் விதி. விதியைப் போட்டவர் ஆவுடையப்பன். தினமும் காலையில் வாசலில் நின்று, ஒற்றைச் சடையோடு வருகிறவர்களை வெளியே நிறுத்துகிறவரும் அவர்தான். அந்தப் பள்ளியில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்.

கம்பெனி ஆள் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். பின்பட்டை சடைக்கு மேல் நிற்கவில்லை. ஏற்றினால் வழுக்கியது. இறக்கினால் ரிப்பனில் சிக்கியது. அவளே இரண்டு கையாலும் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆத்தாடி, எம்புட்டுத் தண்ணி!” என்று சிரித்தாள். கை கொஞ்சம் தளர்ந்ததும் கண்ணாடி மூக்குக்கு இறங்கிவிட்டது.

“சடையை அவுத்துட்டா செட் ஆயிரும் சாமி,” என்றார் கம்பெனி ஆள்.

“அவுத்துரு தாயி,” என்றார் ஆவுடையப்பன்.

“மாட்டேன் சார்.”

அந்த வார்த்தையை எந்தப் பிள்ளையும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

“ஏன் மாட்டே?”

“எங்கம்மா தீப்பெட்டி ஆபீசு வேலைக்குப் போறதுக்கு முந்தி, அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கட்டிவிட்டது சார். அவுத்தா எனக்குத் திரும்ப இப்படிக் கட்டத் தெரியாது. கட்டாம இருந்தா நீங்களே கிளாசுக்கு வெளிய நிப்பாட்டுவீக.”

“அப்ப பசங்க போட்டுப் பாக்கட்டும். நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாரு,” என்றார் கம்பெனி ஆள். தமாஷாகத்தான் சொன்னார்.

“நான் எதுக்கு வேடிக்கை பாக்கணும்? எனக்கும் கடலைப் பாக்கணும்.”

கண்ணாடியை வாங்கக் கம்பெனி ஆள் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். சாமிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆர்டர் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்துக் கம்பெனி ஆளிடம் கொடுத்தார்.

“இந்தச் சடைக்கு மேல நிக்கிற மிஷின் இருந்தா கொண்டு வாங்க. இல்லைன்னா வர வேண்டாம்.”

ஆவுடையப்பனுக்கு வேர்த்துவிட்டது. நாலு மாத அலைச்சல். விழாவுக்கு ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்தவர் அவர். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

“சாமி, பொறுக்கணும். ஒரு வழி இருக்கு. இனிமே ஒத்தச் சடை போதும்னு சர்க்குலர் விட்டுர்றேன். இன்னைக்கே, இப்பவே விட்டுர்றேன்.”

முப்பிடாதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“போன வருஷம் நாங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுத்தோமே சார். ரெட்டைச் சடை தலையை இழுத்து வலிக்குது, ஒத்தச் சடை போட்டுக்கிடுதோம்னு. முடியவே முடியாதுன்னு சொன்னீகளே.”

“அது வேற, இது வேற.”

“வேறதான்,” என்றார் சாமி. “அன்னைக்குப் பிள்ளைங்க கேட்டாங்க. இன்னைக்கு மிஷின் கேக்குது.”