நாளை முதல் அமல்

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை டீச்சர் என்று கூப்பிட அருளப்பனுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. விமானம் பழுதுபார்க்கும் அந்தக் கூடத்தில், விமானங்கள் தயாராகும் ஐரோப்பாவில் பாதுகாப்பு விதி மாறும்போதெல்லாம் எஞ்சினியர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பவர் ஃபரீதா. விதி ஓயாமல் மாறியதால் அருளப்பனும் ஓயாத மாணவர் ஆனார். கூச்சம் போய் எப்போது மரியாதை வந்தது என்று அவருக்கே தெரியாது.

அன்று மத்தியானம் அவர் வகுப்பறைக்குள் வேகமாக வந்தார். கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"டீச்சர், இதுல எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க. அப்படியே செஞ்சுடறேன்."

ஃபரீதா டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினார். அருளப்பன் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். சாயங்காலம் ஒரு விமானம் பயணிகளோடு கிளம்ப வேண்டும். அதன் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் சின்னதாக ஒரு புடைப்பு. காலையில் அருளப்பன்தான் அதைக் கண்டுபிடித்து அளந்தார். இருக்கிற விதிப்படி, அந்த அளவு புடைப்போடு பறக்கலாம். அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மத்தியானம் புது விதி வந்து இறங்கியது. புடைப்பு எவ்வளவு சின்னதானாலும் குழாயை மாற்றியே ஆக வேண்டுமாம். நாளை முதல் அமல்.

"நாளைக்குத்தானே, இன்னைக்குக் கையெழுத்தப் போடுங்கறார் மேனேஜர்," என்றார் அருளப்பன். "புதுக் குழாய் வெளிநாட்டுலேர்ந்து வரணும். அதுவரைக்கும் விமானம் இங்கேயே நிக்கும்."

போன மாதம் அருளப்பன் இப்படித்தான் சந்தேகப்பட்டு ஒரு விமானத்தை நிறுத்தினார். பிரித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கூடமே சிரித்தது. இன்னொரு முறை நடந்தால் ஸ்டோருக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் விமானத்தைத் தொட்ட கை, நட்டு போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கும்.

அந்தப் பயம் கோபமாகத் திரும்பியது. இதே குழாயை மாதாமாதம் பார் என்றார்களாம். பிறகு தேவையில்லை என்றார்களாம். இப்போது மாற்று என்கிறார்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு, ஒரு பரீட்சை. எங்கோ குளிரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன வந்தது, மாட்டிக்கொண்டு முழிப்பது நாமல்லவா என்று பொரிந்து தள்ளினார்.

ஃபரீதா மறுக்கவில்லை. பாடத்தை மாற்றி மாற்றி எழுதி அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

"இன்னைக்குச் சரி, நாளைக்குத் தப்பு. ஒரே ராத்திரியில அந்தக் குழாய்க்கு என்ன ஆயிடும் டீச்சர்?"

ஃபரீதா கையை நீட்டினார். அருளப்பன் காகிதங்களைக் கொடுத்தார். ஃபரீதா இரண்டையும் படிக்காமல் மேஜையில் குப்புறக் கவிழ்த்து, மேலே டீ கிளாஸை வைத்தார்.

அருளப்பனின் போன் அடித்தது. மேனேஜர்தான். எடுக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் கையிலேயே வைத்திருந்தார். அது அடித்து ஓய்ந்தது.

"குழாயை எப்ப அளந்தீங்கண்ணே?"

"காலையில, வந்த உடனே."

"அளவு?"

"வரம்புக்குள்ளதான் இருந்துச்சு."

"புது விதி?"

"மத்தியானம்தான் வந்துச்சு."

"நடுவுல ஏன் கையெழுத்துப் போடலை?"

அருளப்பன் வாயைத் திறந்தார். வேறு வேலை இருந்தது என்று சொல்ல நினைத்தார். வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. காலை முழுக்க அந்தக் குழாய் இருந்த சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது நினைவுக்கு வந்தது.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அளவு சரியாத்தான் டீச்சர் இருந்துச்சு," என்றார். குரல் அடங்கியிருந்தது. "ஆனா அழுத்திப் பாத்தா மெத்துன்னு இருந்துச்சு."

போன் மறுபடி அடித்தது.

"அப்போ புது விதி உங்களுக்குக் காலையிலேயே வந்துடுச்சுண்ணே," என்றார் ஃபரீதா.