ஆயிரத்தொன்பதாவது விளக்கு

1931 கார்த்திகை தீபம், மாலை நான்கு மணி. ஆயிரத்தொன்பது அகல் விளக்குகளோடு கோயில் வாசலில் நின்றாள், ஜமீன் நிலத்தில் பங்குக்குப் பயிரிடும் உடையாச்சி.

பக்கத்து ஊர் ஆயிரத்தெட்டு ஏற்றுகிறது என்று ஒன்றைக் கூட்டியவர் ஜமீன்தார் விஜயரங்கர்.

"எல்லா வரிசையும் சமமா இருக்கணும். ஒரே வரிசையா நீட்டக் கூடாது. ஒண்ணு மிஞ்சினாலும் குடிசையைக் காலி பண்ணு."

உடையாச்சி இருபத்தெட்டு வரிசை வைத்தாள், வரிசைக்கு முப்பத்தாறு. மிஞ்சிய ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதுக்கு இடம் நீங்களே காட்டுங்க, எசமான். காட்டிட்டா இப்பவே காலி பண்றேன்."

ஊர் பார்க்க, ஜமீன்தார் ஏழேழாக அடுக்கினார், பதினொன்றாக அடுக்கினார். எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழுந்தது. இருட்டிவிட்டது.

"என்ன எண்ணடி இது?"

"யாருக்கும் சரிபங்கு கொடுக்காத எண்ணுங்க. அறுவடைக் களத்துல உங்களை மாதிரி."

கூட்டம் சிரித்தது.

1932 கார்த்திகையில் ஜமீன் ஆயிரத்தெட்டு விளக்கு ஏற்றியது. வரிசை வைக்க உடையாச்சி அதே குடிசையிலிருந்து வந்தாள்.