செக்ரட்டரி போட்ட லினக்ஸ் தடை

அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே செக்ரட்டரி தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். வாட்ச்மேன் மனைவி மரகதவல்லி, யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, குடியிருப்பின் பொது வைஃபையில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்த்தாள். அது அவர் கண்ணை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்தார்.

"ஓசியில வந்ததுக்கு என்ன தரம் இருக்கும்? உன் லினக்ஸால எங்க வைஃபைக்கு வைரஸ் வரும். இன்னையோட உன் கனெக்‌ஷன் கட்."

"என் பொழப்பே அதுலதான் சார் ஓடுது."

"வாட்ச்மேன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"சரிங்க சார். எல்லாருக்கும் பொதுவா எழுதிக் குடுங்க."

'லினக்ஸ் ஓடும் எதுவும் நம் வைஃபையில் இருக்கக் கூடாது' என்று எழுதி, சீலும் வைத்தார்.

மரகதவல்லி அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள். நேரே போய் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறதும் லினக்ஸ்தான் சார். உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலயும் அதேதான்."

இரண்டாம் மாடி இன்ஜினியர் தலையாட்டினார். "ஆமா சார், அவங்க சொல்றது சரி."

மரகதவல்லி பேனாவை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு மட்டும்தான் தடைன்னா மாத்தி எழுதுங்க சார். லினக்ஸ்னு வேணாம், வாட்ச்மேன் வீடுன்னே எழுதுங்க. அதுக்கும் சீல் வைங்க."

தணிகாசலம் பேனாவைத் தொடவில்லை. எழுந்துபோய் நோட்டீஸைத் தானே கிழித்தார்.