கம்பளி ஈ

எட்கர் துரைக்கு மீன் சிக்காவிட்டால் வேலைக்காரன் சவரியப்பன்தான் உதை வாங்குவான். ஊட்டி ஓடையில் அவனுடைய தம்பி பிணமாகக் கிடந்தபோது, "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று சாதித்த துரை அவர்.

ஜட்ஜ் விருந்தாளியாக வந்த அன்று துரை உறுமினார். "இன்று மீன் கடிக்காவிட்டால் உன் தோலை உரிப்பேன்."

சவரியப்பன் கம்பளி நூலைப் பிய்த்து, தூண்டில் முள்ளில் சுற்றி, ஈ போலக் கட்டிக் கொடுத்தான். நனைந்ததும் மீன் கவ்வியது.

"அருமையான கம்பளி!" என்றார் முள்ளில் இருந்த ஈயைப் பார்த்த ஜட்ஜ்.

"சாம்பலும் பச்சையும் கலந்து என் தாயார் நூற்றது. என் ஸ்வெட்டரைத் தவிர இந்த மலையில் எங்கும் கிடையாது" என்று பெருமையடித்த துரை, சவரியப்பனிடம் திரும்பினார். "திருடினாயாடா?"

"இல்லீங்க துரை. தம்பி கையில இருந்துச்சு. செத்தும் பிடியை விடலீங்க, நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்."