கொளுத்துகிறவர்களின் கூட்டம்

“இடத்துக்காகக் கொஞ்சம் குனிஞ்சா என்ன தப்பு, மாஸ்டர்?”

ஆறுமுகநயினார் கேட்டார்.

ஜெசிந்தா தன் வீட்டு முற்றத்துத் தொட்டியில் ஊறிய, தீ அணைக்கிற கோணிச்சாக்கு ஒன்றை இழுத்தாள். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். கருந்தண்ணீர் வடிந்தது.

நயினாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து, வேலையை உதறிவிட்டு வந்தவள்.

ஆனாலும் அவர்தான் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

தூத்துக்குடிக்கு வெளியே, கைவிடப்பட்ட உப்பளம் ஒன்றில் மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்ததும், இவர்களுடைய கூட்டம் கூடும். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் கூடுவார்கள். தீபாவளியும் வேண்டாம், திருவிழாவும் வேண்டாம். பட்டாசு கொளுத்தப் பிடித்தவர்கள் வருவார்கள். கொளுத்துவார்கள். குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவ்வளவுதான் கூட்டம்.

அதைத் தொடங்கியவள் ஜெசிந்தா.

“தீயை அணைச்ச பொம்பள இப்பக் கொளுத்தச் சொல்லிக்கொடுக்குதீங்களே?” என்று ஒருவர் கேட்டார்.

“நான் போன இடத்துல எல்லாம் பயந்த கைதான் அதிகமா வெந்திருந்துச்சு,” என்றாள்.

நயினார் மனைவியை இழந்த வருஷம் அங்கே வந்து சேர்ந்தார். முதல் நாள் ஜெசிந்தா அவர் முன்னால் ஒரு புஸ்வாணத்தை வைத்து, கையில் ஊதுபத்தியைக் கொடுத்தாள்.

“திரி பிடிச்சதும் ஓடக் கூடாது அண்ணாச்சி. நடந்து விலகணும்.”

அதைப் பழகவே அவருக்கு ஆறேழு கூட்டம் ஆயிற்று. பழகியதும், “இனிமே நீங்க நடத்துங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

இப்போது உப்பளத்துச் சொந்தக்காரர் கனகவேல் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.

சாக்கைக் கொடியில் போட்டதும் ஜெசிந்தா கேட்டாள்.

“என்ன சொல்லுதாரு?”

“அவருக்கு மணிவிழா. அன்னிக்கு நம்ம ஆளுகதான் வாணவேடிக்கை காட்டணுமாம். காட்டுனா காலத்துக்கும் இடம் நமக்கு.”

“காட்டலைன்னா?”

“கேட்டைப் பூட்டிருவாராம்.”

“அவ்வளவுதானா?”

நயினார் கீழே வைத்திருந்த பையைப் பார்த்தார்.

“எல்லாரும் வரக் கூடாதாம். பார்க்க லட்சணமா, சுறுசுறுப்பா நாலு பேரு போதுமாம். மத்தவங்க வீட்டுல இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. மைதீனும் பூரணமும் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம்.”

மைதீன் தையல்காரர். காது கேட்காது. அணுகுண்டு வெடிக்குத் திரி பற்றவைத்துவிட்டு எட்டிப் போய்க் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்து வைத்துக்கொள்வார். வெடித்ததும் முகம் மலரும். முதலாளியின் ஆள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

பூரணம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். சிறுவயதில் ஒரு புஸ்வாணம் வெடித்துக் கழுத்தெல்லாம் வெந்துபோனவள். ஒரு வருஷமாகத் தவறாமல் வருகிறாள். கையில் ஒரு கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறைகூடக் கொளுத்தியதில்லை.

‘அவ சும்மாதானே வந்துட்டுப் போறா?’ என்று யாரோ குறை சொன்னபோது ஜெசிந்தா சொன்னாள்: “கொளுத்திக்கிட்டுதான் இருக்கா. திரி கொஞ்சம் நீளம்.”

“பையில என்ன?” என்றாள் ஜெசிந்தா.

நயினார் எடுத்துக் காட்டினார். நாலு பனியன். நெஞ்சில் முதலாளியின் படம்.

“போட்டுக் காட்டுங்க.”

“எதுக்கு மாஸ்டர்?”

“போடுங்க.”

சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் இழுத்தது. முதலாளியின் முகம் அகலமாகிச் சிரித்தது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

“இதோடயே போங்க. மைதீன் பாய்கிட்டயும் பூரணத்துக்கிட்டயும் வர வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. நீங்கதானே நடத்துறீங்க.”

அவர் பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

மைதீனின் கடையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தவர் பனியனைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார். எழுந்து வந்து வயிற்றுப் பக்கம் துணியைப் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“டைட்டு,” என்று சைகை காட்டினார்.

நயினார் வாயைத் திறந்தார். மைதீன் அவருடைய உதட்டையே பார்த்தார். ஊரில் அவருடைய உதட்டை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஆள் வேறு யாருமில்லை.

நயினார் வாயை மூடிக்கொண்டு பனியனின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

மைதீன் காத்திருந்து பார்த்தார். பிறகு, புரிந்துவிட்டது என்பதுபோல முகம் விரிந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன்னுடைய மார்பைச் சுற்றிப் பிடித்து அளவு பார்த்தார். விரலால் நயினாரைத் தொட்டு, பனியனைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டார்.

எனக்கு இந்த அளவு.

நயினார் தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தார். ஆமென்று அசைத்தாரா இல்லையென்று அசைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை.

பூரணத்தின் கடையில் கூட்டமில்லை. அவள் பனியனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான் வர வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா அண்ணாச்சி?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்ல வேண்டாம். கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கையில இந்த மூஞ்சியத்தான் நான் நிறையப் பாத்திருக்கேன். ‘நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா’ன்னு சொல்லப் போறவங்க மூஞ்சி.”

அவர் நெஞ்சிலிருந்த படத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“கோவமில்ல அண்ணாச்சி,” என்றாள். “ஆனா ஒண்ணு. அந்த உப்பளத்துல மட்டும்தான் என்னைப் பாத்து ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல.”

நயினார் அங்கேயே, தெருவில் வைத்தே, பனியனைக் கழற்றினார். தலையில் மாட்டிக்கொண்டது. பூரணம்தான் எட்டி இழுத்துவிட்டாள்.

கனகவேல் முதலாளி பங்களா முன்னறையில் விழாப் பந்தலுக்கு விளக்குக் கட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன நயினார், பனியன் பத்தலையா?”

“திருப்பிக் குடுக்க வந்தேன் முதலாளி.”

“ஏன்?”

“வந்தா எல்லாரும் வருவோம். இல்லன்னா ஒருத்தரும் வரலை.”

கனகவேல் சிரித்தார். “ஊருல வெடி போட ஆளா பஞ்சம்?”

“பஞ்சமே இல்ல. நிறையக் கிடைப்பாங்க. அவங்களையே கூப்பிடுங்க.”

“அந்தச் செவிட்டுப் பாய்க்காகவா வீம்பு? அவனுக்கு வெடி என்னத்தக் கேக்கும்?”

“நமக்குக் கேக்குறத விட அதிகமாத்தான் கேக்கும். நீங்க தரையில கைய வச்சுப் பாத்ததில்ல.”

விளக்குக் கட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கனகவேலின் சிரிப்பு போய்விட்டது.

“நாளைக்கே கேட்டைப் பூட்டிருவேன்.”

“பூட்டுங்க. உள்ள எங்க வாளியும் ரெண்டு சாக்கும் கெடக்கு. அத மட்டும் எடுத்துக்கிடுதேன்.”

பனியன்களை நாற்காலியில் வைத்தார். வாசல் பக்கம் திரும்பினார். 

ஓடவில்லை. நடந்து விலகினார்.

“இடம் போச்சு மாஸ்டர்,” என்றார் ஜெசிந்தாவிடம். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவள் பாராட்டவில்லை.

“சரி. ஞாயித்துக்கிழமை எங்க?”

“எங்கன்னா? முதலாளி ஆள் வந்த அன்னிக்கே பள்ளிக்கூடத்து மைதானத்துல கேட்டுப் பாத்தாச்சு. கோயில் நிலத்துக்கு ஆகாதுன்னுட்டாங்க. கடற்கரையில விடமாட்டாங்க. லாரி நிறுத்துற இடத்துலயும் கேட்டேன். யாரும் குடுக்கல.”

“யாருகிட்ட இன்னும் கேக்கல?”

“எல்லாருகிட்டயும் கேட்டாச்சு.”

“ஊருல இடம் வச்சிருக்கிற எல்லாருகிட்டயுமா?”

நயினாரின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது.



புறவழிச் சாலையைத் தாண்டி, வீடே வராத ஒரு மனைப்பிரிவில், அவருக்கு ஒரு பெரிய இடம் இருந்தது. மகன் வீடு கட்டுவான் என்று வாங்கிப் போட்டது. சுற்றுச்சுவர் எழுப்பி, அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதித்து, இரும்புக் கதவு போட்டது. மகன் கனடாவில் இருந்தான். அங்கேயே வீடு வாங்கிவிட்டதாகப் போன வருஷம் போனில் சொல்லிவிட்டான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“அது என் மகன் இடம்,” என்றார்.

ஜெசிந்தா சாக்குகளை மடித்து வண்டியில் கட்டினாள்.

“போய்ப் பார்ப்போம் அண்ணாச்சி.”

மனைப்பிரிவில் சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. முள் நிறைந்த உடைமரமும் எல்லைக்கல்லும்தான். சுவர் அப்படியே இருந்தது. கதவில் தொங்கிய பூட்டு செங்கல் நிறத்துக்குத் துருவேறியிருந்தது.

நயினார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

பலம் கொடுத்துப் பார்த்தார். திரும்பவில்லை.

“எண்ணெய் விட்டுப் பாக்கணும்,” என்றார். “ஆளைக் கூட்டிக்கிட்டு இன்னொரு நாளைக்கு வருவோம்.”

ஜெசிந்தா குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள். அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். கனமாக இருந்தது. பூட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவர் கட்டிய நாளில் மனைவி அதில் கையை வைத்து ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்த்த இடம் எது என்று தேடினார். தெரியவில்லை.

“மகன் கேட்டா?” என்றார்.

“கேக்கட்டும்,” என்றாள் ஜெசிந்தா.

நயினார் கல்லை ஓங்கினார்.